வரிசை, முகவரி, இருப்பிடம்: லினக்ஸ் நெட்வொர்க் இடைமுகப் பெயர்களின் வரலாறு

ஒரு லினக்ஸ் சர்வரை மேம்படுத்தி மறுதொடக்கம் செய்கிறார் அதன் நிர்வாகி. எந்திரம் எழுகிறது, வட்டும் நினைவகமும் சேவைகளும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் வெளியிலிருந்து அதை அணுக முடியவில்லை. நேரில் போய்த் திரையை மாட்டிப் பார்த்தால் நெட்வொர்க் கார்டு பழுதாகவில்லை, கேபிளும் கழலவில்லை. நேற்றுவரை ஒரு பெயரில் இருந்த இடைமுகம் இன்று வேறு பெயரில் இருக்கிறது. ஐ.பி. முகவரியை வைத்திருக்கும் அமைவுக் கோப்பு பழைய பெயரைத் தேடுகிறது. அந்தப் பெயரில் இப்போது எதுவும் இல்லை.

இது லினக்ஸ் உலகில் புதிய கோளாறு அல்ல. முப்பது ஆண்டுகளில் பலமுறை, ஒவ்வொரு முறையும் வேறொரு காரணத்தால், இதே விளைவு நேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு தீர்வு முன்வைக்கப்பட்டது. அந்தத் தீர்வே அடுத்த கோளாறுக்குக் காரணமும் ஆனது. ஓர் இடைமுகத்துக்குத் தானாகப் பெயர் வைக்கக் கணினியிடம் மூன்று ஆதாரங்களே உண்டு: அது கண்டுபிடிக்கப்பட்ட வரிசை, கார்டில் பதிந்திருக்கும் மேக் முகவரி, மதர்போர்டில் அது உட்கார்ந்திருக்கும் இடம். லினக்ஸ் இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முயன்றது. மூன்றாவது முயற்சியில், 2013க்குப் பின், நான்காவதாக ஒரு மாறியும் சேர்ந்துகொண்டது: இருப்பிடத்தைப் பெயராக மாற்றும் நிரலின் பதிப்பு. இன்றைய பெயர் மாற்றங்களைப் புரிந்துகொள்ள இந்த நான்காவதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. லினக்ஸ் நிர்வாகிகள் ‘ஈத் ஜீரோ’ என்று சொல்லும் பெயரை இங்கே ஈத்0 என எழுதுகிறேன். பின்னால் வரும் நீண்ட பெயர்களையும் அவற்றின் எழுத்தொலிப்படியே எழுதியிருக்கிறேன்.

எண்ணிக்கையில் பிறந்த பெயர்

யூனிக்ஸ் மரபில் வட்டு, முனையம், அச்சுப்பொறி எல்லாம் ‘டெவ்’ அடைவுக்குள் ஒரு கோப்பாகத் தோன்றும். நெட்வொர்க் இடைமுகம் அந்த மரபுக்குள் அடங்கவில்லை. அதற்குக் கோப்பு கிடையாது. கர்னல் வைத்திருக்கும் ஒரு பெயர் மட்டுமே இருந்தது. வட்டுக்கு ஒரே நேரத்தில் பல குறியிணைப்புகளை, அதாவது பல பெயர்களை, உருவாக்கிக்கொள்ளலாம். இடைமுகத்துக்கு அந்த வசதி நெடுங்காலம் இருக்கவில்லை. அதற்கு ஒரே பெயர்தான் இருந்தது. அது தவறினால் மாற்று வழி இருக்கவில்லை. பின்னால் வந்த சிக்கல்கள் அனைத்துக்கும் வேர் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி இயங்குதளத்தின் வழிவந்த அமைப்புகள் டிரைவரின் பெயரையும் ஓர் எண்ணையும் சேர்த்து இடைமுகத்துக்குப் பெயரிட்டன. சன் நிறுவனத்தின் பணிநிலையங்களில் லான்ஸ் சிப் எல்இ0 ஆனது. ஃப்ரீபிஎஸ்டியில் இன்டெலின் 100 மெகாபிட் கார்டு எஃப்எக்ஸ்பி0, கிகாபிட் கார்டு இஎம்0. லினக்ஸ் வேறு வழியில் போனது. டிரைவர் எதுவானாலும் ஈதர்நெட் என்றால் ‘ஈத்’. அதன்பின் காலியாக இருக்கும் மிகச் சிறிய எண். 3காம் கார்டைக் கழற்றிவிட்டு இன்டெல் கார்டைச் செருகினாலும் பெயர் ஈத்0 ஆகவே இருக்கும். அமைவுக் கோப்பைத் தொட வேண்டியதில்லை. ஒரே ஒரு கார்டு உள்ள எந்திரத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அன்று இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

அன்றைய ஈதர்நெட் டிரைவர்களில் பெரும்பங்கை எழுதியவர் டொனால்ட் பெக்கர். நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கோடு சேர்ந்து 1994இல் அவர் உருவாக்கிய முதல் பியோவுல்ஃப் கணினிக் கூட்டத்தில் 16 கணினிகள் இருந்தன. அவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட ஈதர்நெட் தடங்களைச் சேர்த்துப் பிணைத்திருந்தார்கள். ஒரே எந்திரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்டு என்ற நிலை லினக்ஸின் தொடக்க ஆண்டுகளிலேயே வந்துவிட்டது என்பதற்கு இது சான்று.

அப்போது இரண்டாவது கார்டைக் கர்னல் தானாகத் தேடாது. ஐஎஸ்ஏ கார்டுகள் தம்மை அறிவித்துக்கொள்ளும் திறனற்றவை. கர்னல் ஒவ்வொரு உள்ளீட்டு முகவரியாகத் தட்டிப் பார்த்துத்தான் அவற்றைக் கண்டறிய வேண்டும். தவறான முகவரியைத் தட்டினால் எந்திரமே உறைந்துவிடக்கூடும். ஆகவே ஒரு கார்டு கிடைத்ததும் தேடல் நின்றுவிடும். இரண்டாவது கார்டு வேண்டுமென்றால் லைலோ தொடக்கநிரலில் ‘ஈதர்=’ என்ற வரியை நிர்வாகி எழுத வேண்டும். டிரைவர்கள் தனி மாட்யூல்களாகப் பிரிந்தபின் ஈத்0 இந்த டிரைவர், ஈத்1 அந்த டிரைவர் என்று மாட்யூல் அமைவுக் கோப்பில் குறித்தார்கள். 1990களின் பெயர்கள் ஆடாமல் நின்றதற்குக் காரணம் கர்னலின் எண்ணும் முறை அல்ல. எந்தக் கார்டு எந்த எண் என்பதை ஒரு மனிதர் கையால் எழுதி வைத்திருந்தார்.

வரிசை குலைந்த விதம்

பிசிஐ கார்டுகள் பரவியதும் அந்தக் கைவேலை தேவையற்றதாயிற்று. கார்டுகளைக் கர்னலே எண்ணி வரிசைப்படுத்தியது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எண்ணியதால் அந்த வரிசை இயற்கையான உண்மை போலத் தோன்றியது. அது அப்படியல்ல என்பதை 2003 டிசம்பர் 17 அன்று வெளியான 2.6 கர்னல் காட்டிக்கொடுத்தது.

இரண்டு மாற்றங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன. முதலாவது, கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் 2003இல் அறிமுகப்படுத்திய யுடெவ். கர்னல் ஒரு வன்பொருளைக் கண்டதாக அறிவிக்கும். யுடெவ் அந்த அறிவிப்பைப் பெற்று வேண்டியதைச் செய்யும். அறிவிப்புகள் இணையாகக் கையாளப்படுவதால் இரண்டு கார்டுகளுக்கு இரண்டு வெவ்வேறு டிரைவர்கள் இருந்தால் எது முந்தும் என்பதற்கு உறுதி இல்லை. நேற்று ஈத்0 ஆக இருந்தது இன்று ஈத்1 ஆகலாம். நாளை மறுபடியும் மாறலாம்.

இரண்டாவது மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது; ஆய்வாளனுக்கு அதுவே அதிகம் கற்பிக்கிறது. பிசிஐ பஸ்கள் பிரிட்ஜ்கள் வழியாகக் கிளைவிட்டு மரம்போல் பரவுபவை. 2.4 கர்னல் அந்த மரத்தை மட்டம் மட்டமாகப் பட்டியலிட்டது, 2.6 கர்னல் ஒரு கிளையை அடிவரை முடித்துவிட்டு அடுத்த கிளைக்குப் போனது. இரண்டுமே சரியான முறைகள்தான். ஆனால் டெல் நிறுவனத்தின் சில பவர்எட்ஜ் சர்வர்களில் பின்புறம் ‘1’ என்று பொறித்திருந்த துளை 2.4இல் ஈத்0 ஆகவும் 2.6இல் ஈத்1 ஆகவும் வந்தது. எந்த வன்பொருளும் மாறவில்லை, நிர்வாகி எதையும் மாற்றவில்லை. மேம்படுத்தல் மட்டுமே நடந்தது. டெல்லில் பணியாற்றிய மேட் டோம்ஷ் 2006இல் ஒரு திருத்தத்தை எழுதி, ‘பிசிஐ=பிஎஃப்சார்ட்’ என்ற தொடக்க அளபுரு வழியாகப் பழைய வரிசையை மீட்டுக்கொள்ள வழி செய்தார். குறிப்பிட்ட சில மாடல்களுக்கு அது தானாகவே இயங்கும்படியும் ஆக்கப்பட்டது.

இதில் அபாயம் என்ன என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இணைப்பு அறுந்து நிற்கும் சர்வர் ஒரு தொல்லை. அதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு கார்டுகள் உள்ள ஃபயர்வாலில் பெயர்கள் இடம் மாறுவது வேறு வகை. ஒன்று அலுவலகத்தின் உட்பக்கம், மற்றொன்று இணையத்தின் பக்கம். ‘ஈத்1 வழியாக வருவதை எல்லாம் அனுமதி’ என்று ஒரு விதி இருக்கிறது. அதை எழுதியவரின் மனத்தில் ஈத்1 என்பது உட்பக்கம். பெயர்கள் மாறினால் அந்த விதி இணையத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. விதி அப்படியே இருக்கிறது. அது சுட்டிய பொருள் மாறிவிட்டது. பின்னாளில், லினக்ஸின் தொடக்கத்தையும் சேவைகளையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டி தன் பெயரிடல் முறைக்கு முன்வைத்த நியாயங்களில் இந்தப் பாதுகாப்புக் காரணமும் இருந்தது. அதை மிகையென்று ஒதுக்க முடியாது.

முகவரியை நம்பிய காலம்

வரிசையை நம்ப முடியாதென்றால் கார்டின் 48 பிட் மேக் முகவரியை நம்பலாம் என்பது அடுத்த சிந்தனை. அதற்கான கருவிகள் முன்பே இருந்தன. ‘நேம்இஃப்’ என்ற சிறு நிரல் ‘மேக்டேப்’ கோப்பைப் படித்து முகவரிக்கு ஏற்ற பெயரை இடும். ரெட் ஹேட் தன் அமைவுக் கோப்புகளில் வன்பொருள் முகவரிக்கென்றே ஒரு வரி வைத்திருந்தது. யுடெவ் இதைத் தானியங்கியாக்கியது. புதிய கார்டு ஒன்றைக் கண்டதும் அதன் முகவரியையும் அப்போது கிடைத்த பெயரையும் ஒரு விதிக் கோப்பில் எழுதிவிடும். அடுத்த தொடக்கத்திலிருந்து அந்தப் பெயரே நிற்கும். 2007இல் வெளியான டெபியன் 4.0இல் அந்தக் கோப்பு ‘இசட்25’ என்ற முன்னொட்டோடு வந்தது. அடுத்த வெளியீட்டில் 70 என்ற எண்ணோடு தொடங்கும் ‘பெர்சிஸ்டென்ட்-நெட்’ விதிக் கோப்பாயிற்று. அந்தக் காலத்தில் சர்வர் பார்த்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கோப்பு தெரியும்.

மெய்நிகர் எந்திரங்கள் பெருகியதும் இதன் குறை வெளிப்பட்டது. ஒரு மாதிரி எந்திரத்தை நகலெடுத்தால் நகலுக்குப் புதிய மேக் முகவரி கிடைக்கும். விதிக் கோப்பும் சேர்ந்தே நகலாகியிருப்பதால் ஈத்0 என்ற பெயர் பழைய முகவரிக்கு ஒதுக்கப்பட்டே கிடக்கும். புதிய இடைமுகம் ஈத்1 ஆக எழும். ஈத்0க்கு எழுதிய அமைவு பயனற்றுப் போகும். மதர்போர்டை மாற்றிய சர்வரிலும் இதே கதை. நகலெடுக்கும் முன் இந்த விதிக் கோப்பை அழிப்பது அக்காலத் தரவு மையங்களில் ஒரு வழக்கமான படியாகவே ஆகிவிட்டது.

இதைவிட ஆழமான குறை ஒன்று இருந்தது. கர்னலும் யுடெவும் ஒரே பெயர்க் கூட்டத்திலிருந்து பெயர் எடுத்தன. இரண்டு கார்டுகள் உள்ள எந்திரத்தில் கர்னல் முதலில் வந்ததற்கு ஈத்0 என்று வைக்கிறது. விதியோ அது ஈத்1 ஆக வேண்டும் என்கிறது. ஈத்1 ஏற்கெனவே மற்றதிடம் இருக்கிறது. எனவே ஒன்றைத் தற்காலிகப் பெயருக்கு மாற்றி, மற்றதை நகர்த்தி, பின் முதலாவதைக் கொண்டுவர வேண்டும். இதற்கிடையில் மூன்றாவது கார்டு தென்பட்டால் காலியான எண்ணைக் கர்னல் அதற்குக் கொடுத்துவிடும். முடிவில் ‘ரீநேம்3’ போன்ற பாதியில் நின்ற பெயரோடு ஓர் இடைமுகம் மிஞ்சும். இயங்கிக்கொண்டிருக்கும் இடைமுகத்தின் பெயரை மாற்றக் கர்னல் அப்போது மறுத்துவிடும் என்பதால் பின்னர் சரிசெய்வதும் எளிதல்ல. இந்தப் போட்டியை எந்தப் பூட்டாலும் முழுமையாகத் தீர்க்க முடியவில்லை. ஈத் என்ற கூட்டத்தைக் கர்னலிடமே விட்டுவிட்டு வேறு பெயர்களுக்குப் போவதே வழி என்ற முடிவுக்கு இது இட்டுச் சென்றது.

ஃபார்ம்வேரிடம் கேட்டது

கார்டு எங்கே இருக்கிறது என்பது மதர்போர்டைச் செய்தவருக்குத் தெரியும். அந்த அறிவை இயங்குதளத்துக்குக் கொண்டுவரும் முயற்சியும் டெல்லிலிருந்தே, மேட் டோம்ஷின் பெயரோடு சேர்ந்தே வந்தது. ‘பயாஸ்டெவ்நேம்’ என்ற அந்தக் கருவி எஸ்எம்பயாஸ் அட்டவணையைப் படித்து, மதர்போர்டிலேயே உள்ள இடைமுகங்களுக்கு இஎம்1, இஎம்2 என்றும், செருகிய கார்டுகளுக்குச் செருகுதுளை எண்ணையும் கார்டிலுள்ள துளை எண்ணையும் சேர்த்து பி1பி1 என்றும் பெயரிட்டது. 2011 மே மாதம் வெளியான ஃபெடோரா 15 இதை இயல்பிருப்பாக ஏற்றது. சர்வரின் பின்புறம் பொறித்த எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றாக வந்தன. தரவு மையத்தில் கையில் கேபிளோடு நிற்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்த வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் ஃபார்ம்வேர் தரும் தகவல் சரியாக இருக்க வேண்டும். பல மலிவு மதர்போர்டுகளில் அந்த அட்டவணை வெறுமையாகவோ பிழையாகவோ இருந்தது.

2013: சிஸ்டம்டி 197

2012இல் யுடெவின் மூலநிரல் சிஸ்டம்டி திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. 2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி 197 பெயரிடலை முழுவதுமாகத் திருப்பிப்போட்டது. விதிக் கோப்பில் எதையும் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு தொடக்கத்திலும் வன்பொருளைப் பார்த்து அங்கேயே பெயரைக் கணிப்பது என்பது அதன் அடிப்படை. வட்டைக் கழற்றி வேறு எந்திரத்தில் போட்டாலும் பழைய எந்திரத்தின் நினைவு எதுவும் தங்காது.

பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் வகையைச் சொல்லும்: இஎன் என்றால் ஈதர்நெட், டபிள்யூஎல் என்றால் வைஃபை. அடுத்து ஆதாரம். மதர்போர்டிலேயே உள்ளதென்று ஃபார்ம்வேர் சொன்னால் இஎன்ஓ1. செருகுதுளை எண் தெரிந்தால் இஎன்எஸ்1. இரண்டும் இல்லையென்றால் பிசிஐ முகவரியிலிருந்து இஎன்பி2எஸ்0, அதாவது இரண்டாவது பஸ்ஸில் சுழியாம் சாதனம். மேக் முகவரியைக் கொண்ட இஎன்எக்ஸ் வடிவமும் வரையறுக்கப்பட்டது; ஆனால் அது இயல்பிருப்பாக இல்லை. எதுவும் கிட்டாவிட்டால் கர்னல் வைத்த ஈத்0 அப்படியே நிற்கும்.

புரியாத குறியீடு என்று பலர் முதலில் வெறுத்த இந்தப் பெயர்களை நிதானமாகப் படித்தால் அவை எந்திரத்தைப் பற்றிப் பேசுகின்றன. மெய்நிகர் எந்திரம் ஒன்றில் பழகும் கணினி மாணவர் எவரும் இஎன்பி0எஸ்3 என்ற பெயரைப் பார்த்திருப்பார். விர்ச்சுவல்பாக்ஸ் தன் முதல் நெட்வொர்க் கார்டைச் சுழியாம் பஸ்ஸின் மூன்றாம் சாதனமாக வைக்கிறது. இரண்டாவது கார்டை எட்டாம் சாதனமாக வைப்பதால் அது இஎன்பி0எஸ்8. விஎம்வேரில் தோன்றும் இஎன்எஸ்160, இஎன்எஸ்192 ஆகிய எண்கள் அந்த மெய்நிகர் எந்திரத்தின் அமைவுக் கோப்பில் செருகுதுளை எண்ணாக எழுதியிருப்பவை. இன்டெல் மடிக்கணினிகளில் அடிக்கடி காணும் இஎன்பி0எஸ்31எஃப்6 இன்னும் சுவையானது. பிசிஐ பட்டியல் அந்தச் சாதன எண்ணைப் பதினாறடிமான எண்ணாக ‘1எஃப்’ என்று காட்டும்; சிஸ்டம்டி அதைப் பதின்மத்தில் 31 என்று எழுதும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் இரண்டையும் பொருத்திப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு.

பரவல் விரைவாகவே நடந்தது. 2013இல் ஃபெடோரா 19, 2014இல் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7, 2015இல் உபுண்டு 15.10, 2017இல் டெபியன் 9. டெபியன் புதிதாக நிறுவுவோருக்கு மட்டும் புதிய முறையைத் தந்தது. மேம்படுத்தியவர்களின் பழைய விதிக் கோப்பு தொடர்ந்து வேலை செய்தது. 2019இல் வந்த டெபியன் 10 அந்தப் பழைய வழிக்கு இனி ஆதரவில்லை என்று தன் வெளியீட்டுக் குறிப்பில் எச்சரித்தது. ராஸ்பெர்ரி பை இயங்குதளம் ஈத்0ஐ இயல்பிருப்பாகத் தக்கவைத்துக்கொண்டது. ஒரே கம்பித் துளை உள்ள சிறு பலகைக்கு அந்த முடிவே பொருத்தமானது.

பழைய மென்பொருள்கள் இந்த மாற்றத்தில் சிரமப்பட்டன. உரிமத்தைச் சரிபார்க்க ஈத்0இன் மேக் முகவரியை மட்டுமே கேட்கும் வணிக மென்பொருள்கள் அப்போது புழக்கத்தில் இருந்தன. ஈத்0 இல்லாத எந்திரத்தில் அவை இயங்க மறுத்தன. அவற்றுக்காகவே ‘நெட்.ஐஎஃப்நேம்ஸ்=0’ என்ற கர்னல் அளபுருவைச் சேர்த்துப் பழைய முறைக்குத் திரும்பியவர்கள் பலர். ஒற்றைக் கார்டு எந்திரத்தில் அது தீங்கற்ற வழி. இரண்டு கார்டு உள்ள எந்திரத்தில் அது 2003இன் சிக்கலை மறுபடியும் அழைத்து வருகிறது.

இருப்பிடமும் நகர்கிறது

இருப்பிடம் மாறாதது என்பதே புதிய முறையின் ஆதார நம்பிக்கை. அது பாதிதான் உண்மை. பிசிஐ எக்ஸ்பிரஸ் பஸ் எண் மதர்போர்டில் பொறித்த எண் அல்ல. எந்திரம் தொடங்கும்போது ஒவ்வொரு பிரிட்ஜையும் கடக்கையில் அடுத்த எண்ணைக் கொடுத்துக்கொண்டே போவதால் கிடைப்பது. தெருவின் நடுவே புதிய மனைகள் பிரிந்தால் அவற்றுக்கு அப்பாலுள்ள கதவெண்கள் எல்லாம் தள்ளிப்போவது போல, கணக்கில் முன்னால் வரும் துளையில் ஒரு எஸ்எஸ்டியையோ கிராஃபிக்ஸ் கார்டையோ செருகினால் பின்னால் உள்ள நெட்வொர்க் கார்டின் பஸ் எண் கூடிவிடும். இஎன்பி3எஸ்0 என்பது இஎன்பி4எஸ்0 ஆகும். கார்டை யாரும் தொடவில்லை. பயாஸில் ஒரு சாதனத்தை அணைத்தாலும் இதுவே நேரலாம். வரிசையைத் துறந்து இருப்பிடத்துக்கு வந்த முறைக்குள் வரிசை மறைந்தே உட்கார்ந்திருந்தது. செருகுதுளை எண்ணையும் மதர்போர்டு எண்ணையும் ஃபார்ம்வேர் தருவதால், ஃபார்ம்வேரை மேம்படுத்தினால் அவையும் மாறலாம்.

இனி நான்காவது மாறிக்கு வருவோம். பெயரைக் கோப்பில் எழுதிவைக்காமல் ஒவ்வொரு முறையும் கணிக்கும் முறையில், கணிக்கும் சூத்திரம் மாறினால் வன்பொருள் அசையாமல் இருந்தும் பெயர் மாறும். 2018 ஜூனில் வந்த சிஸ்டம்டி 239 இதை நடைமுறையில் காட்டியது. ஒரே கார்டைப் பல மெய்நிகர் கார்டுகளாகப் பிரிக்கும் எஸ்ஆர்-ஐஓவி முறையில், ஒவ்வொரு மெய்நிகர் கார்டுக்கும் தாய் இடைமுகத்தின் பெயரோடு ‘வி’ என்ற பின்னொட்டும் எண்ணும் சேர்க்கப்பட்டன. அதன் நோக்கம் நல்லதே. பழைய முறையில் அவற்றின் பெயரைப் பார்த்துத் தாய் எதுவென்று அறிய முடியவில்லை. ஆனால் மேம்படுத்திய எந்திரங்களில் பெயர் மாறியது.

அதே ஆண்டு டிசம்பரில் வந்த 240ஆம் பதிப்பு ஒரு முக்கியமான ஏற்பாட்டைச் சேர்த்தது: பெயரிடல் திட்டத்துக்கே பதிப்பு எண். ‘நெட்.நேமிங்-ஸ்கீம்’ என்ற கர்னல் அளபுருவில் வி238 என்றோ வி240 என்றோ குறித்தால், சிஸ்டம்டி எவ்வளவு புதிதானாலும் அந்தப் பழைய சூத்திரப்படியே பெயர் கணிக்கும். இந்த வரலாற்றில் இதையே நான் மிக முக்கியமான திருப்பமாகக் கருதுகிறேன். வன்பொருள் மட்டுமே பெயரைத் தீர்மானிக்கிறது என்ற 2013இன் நிலைப்பாட்டைத் திட்டமே இதன்மூலம் திருத்திக்கொண்டது. அதன்பின் பல வெளியீடுகள் சூத்திரத்தை மாற்றியிருக்கின்றன. ஒரே பிரிட்ஜின்கீழ் இரண்டு கார்டுகள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே செருகுதுளைப் பெயர் வரும் சிக்கலைத் தவிர்க்க 247 அந்தப் பெயரைத் தருவதை நிறுத்தியது. அந்தக் கட்டுப்பாட்டை 251 ஓரளவு தளர்த்தியது. இஎன்எஸ் என்பது இஎன்பி ஆவதும், மறுபடியும் இஎன்எஸ் ஆவதும் இப்படித்தான். ரெட் ஹேட் தன் ஒவ்வொரு பெரிய வெளியீட்டின் ஆயுள் முழுவதும் அதன் முதல் திட்டத்தையே இயல்பிருப்பாக வைத்திருக்கிறது. சர்வர் நடத்துவோருக்கு அது பொறுப்பான முடிவு.

கர்னலும் தன் பங்கைச் செய்கிறது. இதைப் பதிப்பு எண்ணால் பூட்டி வைக்க இயலாது. கார்டின் துளைக்குரிய பெயரை டிரைவர் அறிவித்தால் சிஸ்டம்டி அதைப் பெயரின் இறுதியில் சேர்க்கும். மெல்லனாக்ஸ் கார்டுகளின் டிரைவர் போன்ற சில, புதிய கர்னல்களில் அந்தத் தகவலைத் தரத் தொடங்கியதும் இஎன்பி1எஸ்0எஃப்0 என்பது இஎன்பி1எஸ்0எஃப்0என்பி0 ஆனது. சிஸ்டம்டி மாறாமல் கர்னலை மட்டும் மேம்படுத்தியவர்கள் இதைச் சந்தித்தார்கள்.

பெயர்கள் நீண்டபோது யூனிக்ஸ் காலத்து எல்லை ஒன்றும் இடித்தது. இடைமுகப் பெயருக்குக் கர்னல் ஒதுக்குவது 16 பைட். முடிவுக் குறி போக 15 எழுத்து. மேக் முகவரிப் பெயரில் இஎன்எக்ஸ் என்ற மூன்று ரோமன் எழுத்தும் முகவரியின் 12 எழுத்தும் சேர்ந்து 15ஐயும் நிரப்பிவிடும். அதன்மேல் ஒரு வீலேன் எண்ணைப் புள்ளி வைத்துச் சேர்க்க இடமில்லை. 2020 ஜனவரியில் வந்த 5.5 கர்னல், ஓர் இடைமுகத்துக்கு 127 எழுத்துவரை நீளும் மாற்றுப் பெயர்களைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும் வசதியைத் தந்தது. வட்டுகளுக்கு முன்பே இருந்த வசதி இடைமுகங்களுக்கு அப்போதுதான் கிடைத்தது. ஆனால் பொட்டலங்களை வடிகட்டும் விதிகளும் பழைய அமைவுக் கருவிகளும் முதன்மைப் பெயரையே பார்ப்பதால் முழுப் பயன் இன்னும் வரவில்லை.

பெயரை நிர்வாகியே இடும்போது

மேம்படுத்தலுக்குப் பின் இணைப்பு அறுந்த எந்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது கர்னல் பதிவு. ‘ரீநேம்டு ஃப்ரம் ஈத்0’ என்ற சொற்றொடரோடு வரும் வரி, எந்த பிசிஐ முகவரியில் உள்ள கார்டு என்ன பெயர் பெற்றது என்பதைச் சொல்லிவிடும். மறுதொடக்கத்துக்கு முன்பே சோதிக்கவும் வழி உண்டு. புதிய சிஸ்டம்டி நிறுவப்பட்டவுடன், ‘யுடெவ்அட்ம்’ கருவியின் ‘டெஸ்ட்-பில்டின் நெட்_ஐடி’ கட்டளையை இடைமுகத்தின்மேல் ஓட்டினால் புதிய சூத்திரம் தரப்போகும் பெயர்கள் தெரியும். தொலைவிலுள்ள சர்வரை மேம்படுத்துவோர் இந்த ஒரு கட்டளையைத் தவறாமல் ஓட்ட வேண்டும் என்பேன். கர்னல் மாற்றத்தால் வரும் பெயரை மட்டும் இது முன்னறிவிக்காது. பழைய கர்னல் இயங்கிக்கொண்டிருக்கும்போது புதிய டிரைவர் தரப்போகும் தகவல் கிடைக்காது அல்லவா.

உறுதியான வழி, பெயரை நிர்வாகியே எழுதிவைப்பது. 2014இலிருந்து சிஸ்டம்டி ‘லிங்க்’ கோப்புகளைப் படிக்கிறது: இந்த அடையாளமுள்ள கார்டுக்கு இந்தப் பெயர் என்று மூன்று நான்கு வரி. பெயர் ஈத் என்று தொடங்கக் கூடாது. அந்தக் கூட்டம் கர்னலுக்கு உரியது, அதில் கைவைத்தால் பழைய போட்டி திரும்பிவிடும். ‘லேன்0’, ‘வெளி0’ என்பதுபோல் பயனைச் சொல்லும் பெயரைச் சிறிய ரோமன் எழுத்தில் வைக்கலாம். ஃபயர்வாலில் உட்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்பது விதியைப் படிக்கும்போதே அப்போது விளங்கும். பொருந்தும் முதல் கோப்பே செல்லும் என்பதால் கோப்பின் எண் 99க்குக் குறைவாக இருக்க வேண்டும். 99 என்பது இயல்பிருப்புக் கோப்பின் எண்.

இதில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. அடையாளமாக வெறும் மேக் முகவரியைக் கொடுத்தால், அதே முகவரியைத் தாய்க் கார்டிடமிருந்து பெற்றுக்கொள்ளும் வீலேன், பாண்ட் இடைமுகங்களும் அந்தக் கோப்புக்குப் பொருந்திவிடும். ஒரே பெயருக்கு இரண்டு உரிமையாளர்கள் வருவார்கள். வகை ஈதர்நெட் என்றும் குறிப்பதோ, கார்டில் நிலையாகப் பதிந்த முகவரியைக் கேட்கும் ‘பெர்மனென்ட்மேக்அட்ரஸ்’ வரியைப் பயன்படுத்துவதோ நல்லது. தொடக்கத்தின் மிக ஆரம்பத்திலேயே, இனிட்ராம்எஃப்எஸ் படிமத்துக்குள்ளிருந்தே பெயரிடல் நடந்துவிடக்கூடும். ஆகவே லிங்க் கோப்பை எழுதியபின் டெபியன், உபுண்டுவில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையாலும், ஃபெடோரா, ரெட் ஹேட்டில் ‘டிராகட்’ கட்டளையாலும் அந்தப் படிமத்தை மறுபடி கட்ட வேண்டும். கோப்பு சரியாக இருந்தும் பெயர் மாறாத பல நிகழ்வுகளில் விடுபட்டிருப்பது இந்தப் படிதான்.

உபுண்டுவின் நெட்பிளான் இதே வேலையை முகவரியைப் பொருத்தும் வரியாலும் பெயரை இடும் வரியாலும் செய்கிறது. ரெட் ஹேட் ‘பிரிஃபிக்ஸ்டெவ்நேம்’ என்ற கருவியைத் தருகிறது. 2025இல் வந்த மெய்நிகராக்கத் தளமான பிராக்ஸ்மாக்ஸ் 9, இடைமுகங்களை அவற்றின் மேக் முகவரியோடு கட்டி ‘நிக்0’ போன்ற பெயர்களைப் பொருத்தும் தனிக் கருவியையே சேர்த்திருக்கிறது. மெய்நிகர் எந்திரங்களைத் தாங்கும் தாய் எந்திரத்தில் பிரிட்ஜின் அடியிலுள்ள கார்டின் பெயர் மாறினால் அத்தனை விருந்தினர் எந்திரங்களும் ஒன்றாக இணைப்பை இழக்கும். அங்கே இது இன்றியமையாதது.

இந்தக் கருவிகள் எழுதும் கோப்புகளும் 2007இன் விதிக் கோப்பும் பார்வைக்கு நெருங்கிய உறவினர். இரண்டிலும் மேக் முகவரியும் பெயருமே இருக்கின்றன. யார் எழுதினார்கள் என்பதில்தான் வேறுபாடு. அன்று எந்திரம் யாரையும் கேட்காமல் எழுதியது. அதனால்தான் நகல்களிலும் அது ஒட்டிக்கொண்டு போனது. இன்று எந்தக் கார்டு எந்தப் பணிக்கு என்று தெரிந்தவர் எழுதுகிறார். நகலுக்குப் போகக்கூடாத கோப்பு எது என்பதையும் அவரே அறிவார். கார்டை மாற்றினால் ஒரு வரியைத் திருத்த வேண்டியிருக்கும். அந்தத் திருத்தம் கார்டை மாற்றும் நாளில், ஆள் எந்திரத்தின் அருகில் நிற்கும்போது நடக்கும் வேலை.